கருப்பைத் தூக்கும் கால்கள்

ஜனவரி 6, செவ்வாய்

இந்த டைரி நகைக்கடையில் கொடுத்தது. போன வருசத்து டைரியைப் பக்கம் பக்கமாகக் கிழித்து, வடைக்கு எண்ணெய் வடிக்க வைத்துவிட்டாள் நாகஜோதி. இந்த வருசம் நான் எழுத வேண்டுமாம். டாக்டரம்மா உத்தரவு.

"எங்க வலிக்குது, எப்ப வலிக்குது, அப்ப என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க, எல்லாத்தையும் எழுதிட்டு வாங்கண்ணே. நான் படிப்பேன்."

அவர் பெயர் ரெஹானா. தான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்று மூன்று தடவை திருத்தினார். என் வலியைத் தீர்க்கிறவர் எனக்கு டாக்டரம்மாதான். அதில் மாற்றம் இல்லை.

சரி, எழுதுகிறேன். காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் குதிகாலில் சுருக்கென்கிறது. மதியத்துக்கு மேல் கணுக்காலின் உள்பக்கம். சாயங்காலம் முழங்கால். வீட்டுக்கு வந்தால் நாகஜோதியின் வாய். அது இந்தக் கணக்கில் சேருமா என்று டாக்டரம்மாவே முடிவு செய்யட்டும்.

நான் தவமணி. உசிலம்பட்டியிலிருந்து மதுரை போகும் தனியார் பேருந்தில் கண்டக்டர். நாளெல்லாம் நிற்கிற பிழைப்பு. இத்தனை வருசம் வலியைப் பொறுத்துக்கொண்டு போனவன் இப்போது ஏன் ஓடி வந்தேன் என்று அவர் கேட்டார். சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் குலசாமி ஓடைக்கரைக் கருப்பு. வருசா வருசம் சிவராத்திரிக்கு, ஊருக்குள் இருக்கும் பெட்டி வீட்டிலிருந்து சாமி பெட்டியைத் தலையில் வைத்து, ஓடையைத் தாண்டிக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். உள்ளே சாமியின் சல்லடம், சலங்கை, மணி எல்லாம் இருக்கும். காலில் செருப்பு கூடாது. ஓடை மணலில் இறங்கியதும் பெட்டி ஆடும். தூக்குகிறவன் தானாக ஆட்டக் கூடாது, அதுவாக ஆட வேண்டும். ஆடினால் கருப்பு ஏறிவிட்டார் என்று அர்த்தம். பெண்கள் குலவை போடுவார்கள். அக்கரை ஏறுவதற்குள் ஆடவில்லை என்றால் பின்னாலேயே வரும் மாற்று ஆள் பெட்டியை வாங்கிக்கொள்வான். அப்படி வாங்கக் கொடுத்தவன் ஊருக்குள் தலை காட்ட முடியாது.

மூன்று வருசமாகத் தூக்கியது என் பெரியப்பா மகன் பாண்டிக்கண்ணு. மூன்று வருசமும் அவர் நடையே தனி. போன ஞாயிற்றுக்கிழமை, இந்த வருசம் யார் தூக்குவது என்று சாமி முன்னால் பூக்கட்டிப் பார்த்தார்கள். என் பெயருக்குப் பூ வந்தது. என் ஆயுசில் முதல் தடவை. பாண்டிக்கண்ணு அண்ணன் மாற்று ஆள். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! டாக்டரம்மா, அதையும் எழுதச் சொன்னால் தனி டைரி வேண்டும்.

நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பேருந்தில் ஏறினவரிடம், இறங்கினவரிடம், டிக்கெட் எடுக்காமல் ஒளிந்தவரிடமும் சொன்னேன். இனிமேல் கால் வலிக்கிறது என்று பின்வாங்கினால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜனவரி 9, வெள்ளி

முதல் நாள் நல்ல மனுசனாகப் போக வேண்டும் என்று புதுச் செருப்புப் போட்டுப் போயிருந்தேன். அதுவே தப்பாம். தேய்ந்து போன பழைய செருப்புதான் வேண்டுமாம். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை வைத்துக் கால் எப்படி விழுகிறது என்று கண்டுபிடிப்பாராம்.

பழைய செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போனால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று நாகஜோதி அதை அல்வாக் கடைப் பையில் போட்டுக் கொடுத்தாள். கிளினிக் வாசலில் போட்டிருந்த செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் இன்னொரு செருப்போடு உள்ளே போனேன். வரவேற்பில் இருந்த பிள்ளை பையைப் பார்த்ததும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. "எதுக்குண்ணே இதெல்லாம்" என்று வேறு சொன்னது. திறந்து பார்த்ததும் அதன் முகம் போன போக்கு! நான் என்ன செய்வேன்?

டாக்டரம்மா செருப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். குதிகால் உள்பக்கம் மட்டும் வழித்தெடுத்தாற்போல் தேய்ந்திருந்தது. பிறகு என் காலை நனைத்து, ஒரு பேப்பர் மேல் நிற்கச் சொன்னார். தடம் முழுசாக விழுந்தது.

"பாருங்கண்ணே. நடுவுல உள்பக்கம் வளைஞ்சு இடம் விட்டு விழணும். உங்களுக்கு இடமே இல்ல."

"அது நல்லதில்லையா? முழுக் காலும் பூமியில படுது."

"நடக்கும்போது பாதம் உள்பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும். சாஞ்சாத்தான் அதிர்வு தாங்கும். உங்க பாதம் அளவுக்கு மீறிச் சாயுது. சாஞ்ச பாதம் முழங்காலையும் கூட இழுத்துக்கிட்டு உள்ள போகுது. அதான் வலி மேல மேல ஏறுது. இதுக்குப் பேரு ஓவர் ப்ரொனேஷன்."

இங்கிலீஷில் பேர் இருக்கிறது என்றதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. சும்மா கால் வலி என்றால் எவன் மதிக்கிறான்?

"சிவராத்திரிக்குள்ள குணமாயிருமா?"

"வளைவு புதுசா முளைக்காது. ஆனா தசைய பலமாக்கலாம், சாயுறதக் குறைக்கலாம். தினம் பயிற்சி செஞ்சா வெறுங்காலோட அந்த தூரம் நடந்துருவீங்க. தினம்னா தினம்."

அப்புறம் பெட்டி ஆடும் கதையைக் கேட்டார். "யார் தூக்குனாலும் ஆடுமாண்ணே?"

"எங்க பங்காளிக அத்தனை பேருக்கும் ஆடும். வெளியாள் தூக்குனா ஆடாது. ஒருக்கா மருமகன் முறைக்காரன் ஒருத்தன் தெரியாமத் தூக்கிட்டான். கல்லு மாதிரி நின்னுச்சு."

டாக்டரம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. தண்ணீர் குடித்தார். பாவம், நாளெல்லாம் ஏசியில் இருக்கிறவர்.

ஜனவரி 12, திங்கள்

எல்லாப் பயிற்சியும் செய்தேன். வலி குறைவு.

*பொய். ஒன்னுகூட செய்யல. கட்டில்ல படுத்துக்கிட்டு கால ஆட்டுனாரு. இப்படிக்கு நாகஜோதி.*

ஜனவரி 13, செவ்வாய்

மேலே உள்ள இரண்டையும் டாக்டரம்மா படித்துவிட்டார். நான் பார்ப்பதற்கு முன்னாலேயே படித்தார். நாகஜோதி எழுதியதன் கீழே 'நன்றி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். இரண்டு பேரும் ஒரு கட்சி ஆகிவிட்டார்கள். இனி நான் தனி ஆள்.

ஜனவரி 14, புதன்

இன்றைக்கு நிஜமாகவே செய்தேன். சாட்சி இருக்கிறது.

தரையில் துண்டை விரித்து, கால் விரலால் சுருட்டிச் சுருட்டி இழுக்க வேண்டும். கேட்க லேசு. செய்து பார்த்தால்தான் தெரியும், என் கால் விரல்கள் இத்தனை வருசம் என் பேச்சைக் கேட்டதே இல்லை என்று. பெருவிரல் வானத்தைப் பார்க்கிறது, சுண்டுவிரல் தூங்குகிறது. அரைமணி போராடியதில் துண்டு நகரவில்லை, நான்தான் நாற்காலியோடு முன்னால் நகர்ந்திருக்கிறேன்.

அடுத்தது குதிகாலைத் தூக்கி எம்பி நிற்பது. மூன்றாவதுதான் கொடுமை. விரலை மடக்காமல் பாதத்தின் நடுவை மட்டும் மேலே இழுத்துக் குவிக்க வேண்டும். இதை எங்கே நின்றாலும் செய்யலாம் என்றார். சரியென்று பேருந்தில் செய்தேன். காலைக் குவித்தால் என் மூஞ்சியும் சேர்ந்து குவிகிறது. செக்கானூரணியில் ஏறிய ஒரு அம்மா என்னையே பார்த்தது.

"ஏன்யா, சில்லறை கேட்டது ஒரு குத்தமா? மூஞ்சிய எதுக்கு அப்படி வச்சிருக்க?"

"அது உங்களுக்கு இல்லம்மா. கால் பயிற்சி."

"கால் பயிற்சிய மூஞ்சிலயா செய்வாக?"

பஸ்ஸே சிரித்தது. விசில் ஊதி அடக்கினேன்.

ஜனவரி 16, வெள்ளி, மாட்டுப் பொங்கல்

பங்காளிகள் எல்லோரும் பெட்டி வீட்டில் கூடியிருந்தோம். என் கையும் காலும் சும்மா இருக்கவில்லை. நான் கற்ற வித்தையைக் காட்ட வேண்டாமா? மாடு குளிப்பாட்டிய தண்ணீரில் எல்லோரையும் காலை நனைக்கச் சொல்லி, சிமெண்டுத் தரையில் வரிசையாக நடக்க வைத்தேன்.

ஒருத்தனுக்கும் வளைவு இல்லை. அத்தனையும் ஊத்தப்பம்! பூசாரி ஒச்சப்பன் சித்தப்பாவின் தடம் எல்லாவற்றையும் விட அகலம். சின்னப் பிள்ளைகள்கூட அப்படியே. எங்கள் வீட்டுப் பெண்கள் நடந்தார்கள். வேறு குடும்பத்திலிருந்து வந்தவர்கள் அல்லவா, அவர்களுக்கு அழகாக நடுவில் இடம் விட்டு விழுந்தது. நாகஜோதி தன் தடத்தைத் தானே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து ரசித்தாள். இனி ஒரு மாதத்துக்கு இந்தப் பேச்சுதான்.

"இது கருப்பு நமக்குக் கொடுத்த முத்திரைடா" என்றார் சித்தப்பா. எல்லோரும் ஆமாம் என்றோம். இதையும் டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும்.

பாண்டிக்கண்ணு அண்ணன் மட்டும் காலை நனைக்கவில்லை. "எனக்கு வேற சோலி இல்லையா" என்று புல்லட்டை உதைத்துக் கிளம்பிவிட்டார். அவர் வீடு அடுத்த தெரு. அடுத்த தெருவுக்குப் புல்லட்! மூன்று தடவை பெட்டி தூக்கினால் மனுசனுக்கு இவ்வளவு மண்டைக்கனமா? பொங்கலுக்கு என் வீட்டு மாடியில் சாப்பாடு போட்டேன், அதற்கும் ஏறி வரவில்லை. கீழேயே உட்கார்ந்து, இலையைக் கீழே கொண்டுவரச் சொன்னார். ராசா பரம்பரை.

ஜனவரி 20, செவ்வாய்

டாக்டரம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். வெறுந்தரையில், அதுவும் டைல்ஸில் வெறுங்காலோடு நடக்கக் கூடாதாம். வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டுமாம். பயிற்சி நேரம் மட்டும் வெறுங்கால்.

நாகஜோதியிடம் சொன்னேன்.

"வீட்டுக்குள்ளயா? செருப்பா? சாமி படம் இருக்க வீட்டுலயா? அந்தப் புள்ள சொல்லியிருக்காது. நீங்களா சேர்த்துச் சொல்லுறீங்க."

போன் போட்டுக் கொடுத்தேன். டாக்டரம்மாவே சொன்னார். "சரிம்மா, சரிம்மா" என்று பணிவாகக் கேட்டுக்கொண்டாள். அவளுக்கு என்னிடம் மட்டும்தான் நம்பிக்கை கிடையாது.

சாயங்காலம் உள்பக்கம் மேடு வைத்த புதுச் செருப்பு வாங்கி வந்தோம். வாசலிலேயே நிறுத்தினாள். செருப்பைத் தண்ணீர் தெளித்துக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, வலது செருப்பை முதலில் உள்ளே எடுத்து வைத்தாள். போன வருசம் வாங்கிய மோட்டார் சைக்கிளுக்குக்கூட இவ்வளவு மரியாதை நடக்கவில்லை.

ஜனவரி 27, செவ்வாய்

காலை முதல் அடியில் வலி இல்லை. நம்பாமல் திரும்பக் கட்டிலில் படுத்து, மறுபடி எழுந்து பார்த்தேன். அப்போதும் இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

துண்டை முழுசாகச் சுருட்டிவிட்டேன். அதே காலால் தூக்கி நாகஜோதி மேல் எறிந்தேன். விரதம் தொடங்குவதற்கு முன்னால் கடைசியாக ஒரு நல்ல சண்டை போட்டோம்.

பிப்ரவரி 7, சனி

நாளை எனக்குக் காப்புக் கட்டு. அதன்பிறகு சிவராத்திரி முடியும்வரை செருப்பே கூடாது. எனவே டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். பாதத்தின் அடியிலிருந்து உள்பக்கமாக மேலே இழுத்து ஒரு துணிப் பட்டை ஒட்டிக்கொண்டால், பாதம் சாயாமல் பிடித்துக்கொள்ளும். அதைப் பெட்டி வீட்டில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அது செருப்பு" என்றது ஒரு கட்சி. "அது கட்டு" என்றது ஒரு கட்சி.

"கால்ல மெட்டி போட்டுக்கிட்டுப் பொம்பளைக கோயிலுக்கு வாராக. அது செருப்பா?"

"மெட்டி அடியிலயா இருக்கு? பட்டை அடியில இருக்கப்பா!"

"அப்ப கால் அடியில மருதாணி வச்சா?"

மருதாணி விசயத்தில் அரைமணி ஓடியது. கடைசியில் யாரும் எதிர்பார்க்காமல் பாண்டிக்கண்ணு அண்ணன் வாயைத் திறந்தார். சுவரோடு சாய்ந்து, ஒரு காலை மட்டும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார்.

"அத ஒட்டுனா வலி இருக்காதாமா?"

"ரொம்பக் குறையுமாம்ணே" என்றேன்.

"அப்ப ஒட்டட்டும் சித்தப்பா. இதுல என்ன இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்குப் பரிந்து பேசுகிறாரா? இதில் ஏதோ சூது இருக்கிறது. பட்டை ஒட்டினால் கருப்பு ஏற மாட்டார், பெட்டி தன் கைக்கு வரும் என்று கணக்குப் போடுகிறார். வேறென்ன?

பூசாரி சித்தப்பா தீர்ப்புச் சொன்னார். பட்டையை மஞ்சள் தண்ணீரில் முக்கி ஒட்ட வேண்டும். அப்போது அது காப்புக் கயிற்றோடு சேர்த்தி.

நனைந்தால் ஒட்டாது என்றார் டாக்டரம்மா. ஒட்டிவிட்டு மஞ்சள் தொட்டு வைப்பதாக இரு தரப்பும் ஒப்புக்கொண்டன.

பிப்ரவரி 11, புதன்

பேருந்தில் வெறுங்கால். என் காலை மிதிக்காத பயணி மதுரை மாவட்டத்தில் இல்லை. ஆனால் அந்த வலி வேறு வலி. டாக்டரம்மாவின் கணக்கில் வராது.

சாயங்காலம் ஒத்திகை. ஓடைக்குப் போய், பழைய இரும்புப் பெட்டியில் அரிசி மூட்டையை வைத்துத் தலையில் தூக்கி நடந்தேன். எந்த வலியும் இல்லை. மணலில் கால் புதைகிறது, ஆனால் சாயவில்லை. ஒத்தையடிப் பாதையில் போவதுபோல் நேராகப் போய் நேராக வந்தேன். எனக்கே என்னைப் பிடித்துப் போனது.

நாகஜோதி கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடி, எப்படி?"

"நல்லாத்தான் நடக்குறீங்க. ஆனா என்னமோ மாதிரி இருக்கு."

"என்ன மாதிரி?"

"பெட்டி ஆடலங்க."

"இது அரிசிடி. அரிசிக்கு எதுக்கு ஆடணும்? கருப்பு இருந்தா தானா ஆடும்."

அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே வந்தாள். பெண்களுக்கு எதிலும் ஒரு குறை காண வேண்டும்.

பிப்ரவரி 14, சனி

நாளை.

பிப்ரவரி 16, திங்கள்

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நேற்று எழுதும் நிலையில் நான் இல்லை.

பட்டை ஒட்ட டாக்டரம்மா முன்னமே நாகஜோதிக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். மதியம் குளித்து வந்ததும் என் காலை மடியில் வைத்து, சுருக்கம் விழாமல் இழுத்து இழுத்து ஒட்டினாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் காலை இவ்வளவு நேரம் அவள் பிடித்ததில்லை. "பதனமாப் போயிட்டு வாங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

உறுமி முழங்க, சும்மாடு வைத்துப் பெட்டியைத் தலையில் ஏற்றினார்கள். நல்ல கனம். எனக்கு முன்னால் பூசாரி சித்தப்பா, பின்னால் பாண்டிக்கண்ணு அண்ணன், அவருக்குப் பின்னால் ஊரே. மண் ரோடு முழுக்க ராசா மாதிரி நடந்தேன். வெயில் சாயத் தொடங்கிய நேரம் ஓடையில் இறங்கினோம்.

பெட்டி ஆடவில்லை.

நான் நடக்க நடக்க உறுமி வேகம் பிடித்தது. பெண்கள் குலவை போட வாயில் கையை வைத்தபடி காத்திருந்தார்கள். வைத்த கை வைத்தபடியே இருந்தது. நடு ஓடை வந்துவிட்டது. பெட்டி என் தலையில் சிவனே என்று உட்கார்ந்திருக்கிறது.

"தவம், என்னப்பா?" என்றார் சித்தப்பா, மெதுவாக.

நான் ஒரு உண்மையை எழுதிவிடுகிறேன். ஆட்டிப் பார்த்தேன். கருப்பு மன்னிக்கட்டும், ஊர் முன்னால் அவமானப்பட முடியாமல் காலைத் தளர்த்தி, நானாகவே ஆட்டிப் பார்த்தேன். கால் சாய்ந்தால்தானே? அடியில் பட்டை பிடித்து இழுக்கிறது. விரல்கள் மணலைத் துண்டு என்று நினைத்துக் கவ்விக்கொள்கின்றன. இத்தனை நாள் பேச்சைக் கேட்காத கால், கேட்கக் கூடாத நேரத்தில் டாக்டரம்மா பேச்சைக் கேட்கிறது. அடப் பாவிகளா!

அக்கரை கிட்டத்தில் வந்துவிட்டது. பாண்டிக்கண்ணு அண்ணன் பக்கத்தில் வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"சித்தப்பா, கரை ஏறுறதுக்குள்ள மாத்தணும். கருப்பு ஏறலை."

கூட்டத்தில் யாரோ "ச்சொ ச்சொ" என்றார்கள். நாகஜோதி இருக்கும் பக்கம் நான் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ஞாபகம் இல்லை. சாமி வந்தவனுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? சுற்றி நின்றவர்கள் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நான் நின்றேனாம். கண்ணை உருட்டினேனாம். ஓடையே அதிரும்படி ஒரு சத்தம் கொடுத்தேனாம்.

"டேய்! எத்தனை வருசமாடா என்னையப் போட்டு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டுனீங்க? ஒரு வருசமாவது நான் தலை சுத்தாம இந்த ஓடையத் தாண்டியிருக்கனாடா? உங்களுக்கெல்லாம் கால் சரியில்ல, அதுக்கு நானாடா கெடச்சேன்? இந்த வருசந்தான்டா நிம்மதியா வாரேன்! ஆடுனாத்தான் கருப்புன்னு உங்களுக்கு எவன்டா சொன்னான்?"

உறுமி நின்றது. பூசாரி சித்தப்பா மணலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தெரியாமச் செஞ்சுட்டோம் சாமி! இத்தனை வருசம் சொல்லாம இருந்துட்டியே சாமி!"

கூட்டத்திலிருந்து ஒரு சின்னம்மா சொன்னதாம்: "அதானே! மினி பஸ்ஸுல போனா எனக்கே கொமட்டுது. சாமிக்கு மட்டும் கொமட்டாதா?" அவ்வளவுதான், குலவை கிளம்பியது பாருங்கள், அப்படி ஒரு குலவை எங்கள் ஓடை கேட்டதில்லை. எல்லோரும் கீழே விழுந்து கும்பிட்டார்கள்.

பாண்டிக்கண்ணு அண்ணன் மட்டும் நீட்டிய கையோடு நின்றார். பிறகு மெல்ல, வலது கையை ஊன்றி, மணலில் முட்டி போட்டார். அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"மூணு வருசம் தூக்குனேனே சாமி. ஒனக்குப் புடிக்கலையா?"

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"நீ வலியோட தூக்குனடா" என்றதாம் என் வாய். "ஒருத்தருக்கும் தெரியாம, பல்லக் கடிச்சுக்கிட்டுத் தூக்குன. அம்புட்டையும் நான் மேல இருந்து பாத்துக்கிட்டுத்தான்டா இருந்தேன்."

அண்ணன் என் காலைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். மஞ்சள் தொட்ட பட்டையெல்லாம் நனைந்துவிட்டது. அவரைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். பெட்டி அக்கரை ஏறியது.

பிப்ரவரி 19, வியாழன்

கிளினிக் வாசலில் செருப்புக் குவியல். எல்லாம் எங்கள் பங்காளிகள். வரவேற்பில் இருக்கும் பிள்ளையிடம் ஆளுக்கொரு பையைக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தடவை அது ஒரு பையையும் கையால் தொடவில்லை. பூசாரி சித்தப்பா தன் பழைய செருப்போடு பூசணிக்காய் வேறு கொண்டுவந்திருந்தார், காணிக்கையாக.

வலி இல்லாதவர்களை எல்லாம் டாக்டரம்மா திருப்பி அனுப்பினார். "தட்டைக் கால் இருந்தா மட்டும் வைத்தியம் வேண்டாம்ண்ணே. தொந்தரவு பண்ணலைன்னா விட்டுருங்க" என்றார். அவர்களுக்கு ஒரே வருத்தம்.

பாண்டிக்கண்ணு அண்ணன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் உள்பக்கம் வீங்கி, பாதம் அப்படியே சரிந்து கிடந்தது. என்னுடையது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. தசைநார் கிழிகிற அளவுக்கு விட்டிருக்கிறாராம். ஸ்கேன் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா.

"எத்தனை வருசமாண்ணே?" என்றேன்.

"அது கெடக்கு." தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு பயகிட்டயும் சொல்லலடா தவம். எம்பொண்டாட்டிக்கே தெரியாது. சொன்னா என்னையப் பூக்கட்டுலயே சேக்க மாட்டீங்கள்ல. மாடி ஏற முடியாது. அடுத்த தெருவுக்கு நடக்க முடியாது. கருப்புக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது பாரு."

நான் அவருடைய பையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பேருந்து நிலையத்தில் நாகஜோதி கேட்டாள், சுற்றிலும் பார்த்துவிட்டு.

"இங்கேருங்க. ஓடையில பேசுனது சாமியா, நீங்களா?"

"மொதல்ல பேசுனது நான்தான்டி" என்றேன். அவளிடம் எதை மறைத்து என்ன பலன்? "தலை சுத்துது, நிம்மதியா வாரேன்னதெல்லாம் நான்தான். வேற வழி தெரியல."

"அது எனக்குத் தெரியும். அந்த வாய எனக்குத் தெரியாதா? பாண்டிக்கண்ணு மச்சான்கிட்டச் சொன்னீங்களே, அது?"

டாக்டரம்மா, இதை நீங்கள் படித்தால் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்குக் கால் வலி என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. மண்டைக்கனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம், ஊர் முன்னால் அவர் முட்டி போட்டுக் கேட்டபோது, நான் வாயைத் திறந்தது "புடிக்கலைடா" என்று சொல்லத்தான்.

நாகஜோதியிடம் இதை அப்படியே சொன்னேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, பேருந்து நிலையத்தில் அத்தனை பேர் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன்.